தொண்டும் பயிற்சியும்: சென்னைத் தொண்டு நிறுவனங்களின் வரலாற்றில் ஒரு கூறு

தொண்டு செய்வார்க்குப் பயிற்சி வேண்டுமோ என்னும் வினா இருபதாம் நூற்றாண்டிற்கே உரியது. சேக்கிழார் தம் நூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்று பெயரிட்டார். அந்நூல் போற்றும் அடியவருள் ஆடை வெளுப்பாரும் விளக்கேற்றுவாரும் மட்கலம் வனைவாரும் உளர். அவர்கள் தத்தம் தொழிலையே தொண்டாக்கினர்; தொண்டினைத் தனியே ஒரு தொழிலாகக் கற்றவரல்லர். மேலும், தொண்டு என்னும் சொல்லிற்கு அடிமைத் தொழில் என்னும் பொருளும் உண்டு. அடிமைக்குக் கூலி இல்லை. இக்குறிப்பினை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் எழுந்த வழக்குக்கெல்லாம் இதுவே வித்து.

தொண்டு நிறுவனங்களுக்கு அறிவுரையும் பயிற்சியும் அளிக்கும் பணியை அரசோ பல்கலைக்கழகமோ தொடங்கி வைத்தது என்று கருதுவாருண்டு. கோபாலபுரத்தை அடுத்த இராயப்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய பகுதிகளின் வரலாற்றையும் எழும்பூரின் வரலாற்றையும் நோக்கின், அக்கருத்துப் பொருந்தாமை விளங்கும். தொண்டு செய்த நிறுவனங்களே தம் குறையைத் தாமே உணர்ந்து பயிற்சியை நாடின. அரசும் பல்கலைக்கழகமும் பின்னரே வந்து சேர்ந்தன.

கோகலே 1905-ஆம் ஆண்டு புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் சென்னைக் கிளை இராயப்பேட்டையில் அமைந்தது. 1907-இல் அச்சங்கத்திற் சேர்ந்த சீனிவாச சாஸ்திரியார், 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். சங்கத்திற் சேர்வோர் ஐந்தாண்டு பயிற்சி பெறுதல் வேண்டும். தமக்கெனப் பொருள் ஈட்டுதல் கூடாது. சங்கம் தரும் சிறு தொகையைக் கொண்டே குடும்பம் நடத்துதல் வேண்டும். பொதுப்பணிக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும் என்பதை விதியாகவே வகுத்தது இச்சங்கம். ஆயினும், அப்பயிற்சி தன் உறுப்பினர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. பிற சங்கத்தார்க்கு அது வாயில் திறக்கவில்லை.

மயிலாப்பூரில் நிகழ்ந்தது வேறு வகை. துர்க்காபாய் அம்மையார், இளமையிற் கல்வி இழந்த பெண்களைத் திரட்டி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு ஆயத்தம் செய்வித்தார். அம்முயற்சி 1937-இல் ஆந்திர மகிளா சபையாக உருப்பெற்றது. 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. 1958-இல் அவ்வாரியம் தொண்டு நிறுவனங்களின் வழியே வயதுவந்த பெண்களுக்குச் சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. மயிலாப்பூரில் கைவந்த முறை நாடு முழுமைக்கும் திட்டமாயிற்று.

எனினும், நிறுவனங்களுக்கே உரிய பயிற்சிக்கூடம் என்று சொல்லத்தக்கது 1952-இல் தோன்றிய சென்னைச் சமூகப்பணிப் பள்ளியே. இதனைத் தோற்றுவித்த மேரி கிளப்வாலா அம்மையார் 1909-இல் உதகையில் பார்சிக் குடும்பத்திற் பிறந்தவர். 1935-இல் கணவரை இழந்தபின், 1923 முதல் சென்னையில் நடைபெற்று வந்த கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் தொண்டுக் கழகத்திற் முழுமையாக ஈடுபட்டார். போர்க்காலத்தில், 1942-இல், படைவீரர்க்கு உதவும் பொருட்டு இந்திய விருந்தோம்பற் குழுவை அமைத்தார். பெருந்திரளான தொண்டரை ஒருங்கே ஏவிப் பணிகொள்ளும் அனுபவம் அவருக்கு அக்குழுவில் வாய்த்தது. சிறுவர் இல்லங்களையும் மருத்துவமனைப் பணியையும் ஒருசேர நடத்திய கழகத்திற்குப் பொருளினும் பயின்ற ஆட்களே அரியவராயினர் என யாம் கருதுகின்றோம். பம்பாயில் 1936-இல் தாதா அறக்கட்டளையின் பொருளால் இத்தகைய பள்ளி ஒன்று எழுந்திருந்தது. சென்னையிலோ பெருஞ்செல்வர் எவரும் முன்வந்து நிறுவியதன்று. கில்டும், இந்தியச் சமூகப்பணி மாநாட்டின் மாநிலக் கிளையும் சேர்ந்து நிறுவின. வேலைக்கு ஆள் தேடியவரே ஆளை உருவாக்கவும் துணிந்தனர்.

இப்பள்ளியின் கல்வியில் யாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புவது களப்பணி. மாணாக்கர் வாரத்திற் சில நாள் வகுப்பிலும், சில நாள் ஏதேனுமொரு நிறுவனத்திலும் பயில்வர். கண்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் காட்டுவர். இதனால் மாணாக்கர் பெறும் நன்மை வெளிப்படை. நிறுவனம் பெறும் நன்மையோ பெரிதும் பேசப்படுவதில்லை. இல்லத்துக் குழந்தை ஒன்றின் குடும்ப வரலாறு ஏன் எழுதப்படவில்லை, அக்குழந்தை வீடு திரும்பும் வழி யாது என்று புதிதாய் வந்த மாணாக்கர் வினவும்போது, நிறுவனத்தார் விடைகூறக் கடமைப்படுகின்றனர். கட்டணம் பெறாத இவ்வினாக்களே சென்னை நிறுவனங்களுக்குக் கிடைத்த முதல் ஆலோசனை எனலாம்.

இனி மறுப்பு. கூலி பெறுவது தொண்டாகுமோ என்பது அது. மதிப்பூதியமும் பெறாது உழைத்த மூத்தோர் முன், பட்டயம் பெற்ற இளைஞர் ஊதியம் கேட்டு நின்றனர். மூத்தோர் மனம் நொந்தமை இயல்பே. ஆனால், ஊதியமின்றி உழைக்க வல்லவர் எவர்? உண்டி உறையுள் பற்றிய கவலை அற்றவரே. தொண்டு கூலியற்றதாகவே இருத்தல் வேண்டுமெனின், அது வசதியுடையார்க்கு மட்டுமே உரிய உரிமையாகிவிடும். பயிற்சியும் ஊதியமும் சேர்ந்தே எளியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்துறையிற் புக வழி செய்தன. மறுப்பாளர் கூற்றில் உண்மை சிறிதுமில்லை என்று யாம் சொல்லவில்லை. பயிற்சி பெற்றோரின் மொழி ஆங்கிலமாகவும், அவர் நாடிச் சென்ற மக்களின் மொழி தமிழாகவும் இருந்தமை ஒரு பெருங்குறையே.

பிற்காலத்தில் ஆலோசனையின் பொருளே மாறிற்று. இதற்குச் சட்டங்கள் காரணம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், இருபது உறுப்பினரேனும், ஆண்டிற்குப் பதினாயிரம் ரூபாய் வரவோ செலவோ உள்ள சங்கமேனும் பதிவு பெறுதல் வேண்டும் என்றது. தெருவளவிற் செயற்பட்ட சங்கங்களுக்கும் பொதுக்குழு, தணிக்கை, பதிவாளர்க்கு அறிக்கை என்பன கடமையாயின. வெளிநாட்டு நன்கொடை பற்றிய 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது, நிருவாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கணக்கு எழுதும் செலவும் சட்ட ஆலோசனைச் செலவும் நிருவாகச் செலவிலேயே அடங்கும். கணக்கினைச் செம்மையாக எழுதுக என்பதும் சட்டம். அதற்கு மிகுதியாகச் செலவிடற்க என்பதும் சட்டம். சிறு நிறுவனங்கள் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றன. குழந்தையைப் பற்றி வினவிய மாணாக்கர் இருந்த இடத்தில், படிவத்தைப் பற்றி வினவும் ஆலோசகர் வந்து அமர்ந்தார்.

இம்மாற்றத்தைச் சொற்களும் காட்டுகின்றன. அக்கிராசனர், காரியதரிசி, பொக்கிஷதார் என்ற பழைய பெயர்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் எனத் தமிழாயின. கற்றுச் செய்யும் தொழிலுக்குச் ‘சமூகப்பணி’ என்னும் பெயர் நிலைத்தது. ‘தொண்டு நிறுவனம்’ என்பதன் முன் ‘தன்னார்வ’ என்னும் அடைமொழி பிற்காலத்திற் சேர்ந்தது. சேக்கிழார் காலத்துத் தொண்டிற்கு அவ்வடைமொழி வேண்டியதில்லை. ஆர்வம் அச்சொல்லினுள்ளேயே இருந்தது.