காற்றைக் கணித்த நகரம்

கரையேறும் சூறாவளியை எதிர்கொண்டு சென்று அதன் உருவத்தைப் படம் பிடிப்பதையே வாழ்க்கை விரதமாகக் கொண்டோர் அமெரிக்க நாட்டில் பலர் உளர். 1943 ஜூலையில் ஜோசப் டக்வொர்த் என்னும் விமானி கால்வெஸ்டன் நகருக்கருகே புயலின் கண்ணுக்குள்ளேயே விமானத்தைச் செலுத்தி மீண்ட நாள்தொட்டு, அம்முயற்சி விமானம் வழி நடக்கும் ஒரு சாஸ்திரமாகவும் வளர்ந்தது. கடும்புயல்கள் அரிதாகவே அணுகும் திருவனந்தபுரத்தில் அத்தகைய துரத்தல் இல்லை. ஆயினும் காற்றின் போக்கைக் கண்டு குறித்துவைக்கும் பணி இந்நகரில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது.

சங்கீத வித்வானாகவே பலரும் அறிந்த சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கே வானாராய்ச்சிக் கூடம் ஒன்றை நிறுவி, ஆலப்புழையில் தம் சமஸ்தானத்தின் வர்த்தகப் பிரதிநிதியாயிருந்த ஜான் கால்டிகாட்டை அதற்கு அதிபராக நியமித்தார். 1852-இல் அப்பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், பூமியின் காந்த மத்தியரேகைக்கு அண்மையில் இவ்வூர் அமைந்திருப்பதன் அருமையை உணர்ந்து, காந்த ஊசியின் அசைவையும் வாயுவின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் இடையறாது பதிவுசெய்யச் செய்தார். சமவெளியில் காண்பது உயரத்திலும் அவ்வாறே நிகழ்கிறதா என்று அறிய விரும்பிய அவர், அகத்தியர் உறைவதாகத் தமிழுலகம் நம்பும் பொதிகையின் சிகரத்தில், 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், 1855-இல் மற்றொரு கூடம் அமைத்தார். காடு திருத்தி வழி சமைத்து, கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றிச்சென்ற கூலியாட்களின் உழைப்பின்றி அது கைகூடியிராது. அப்பதிவுகளைக் கொண்ட பெருநூல் 1874-இல் வெளிவந்தது.

அதே காந்த மத்தியரேகைதான் ஒரு நூற்றாண்டுக்குப் பின், ராக்கெட் ஏவ இடந்தேடிய விஞ்ஞானி விக்கிரம் சாராபாயையும் அவர்தம் குழுவினரையும் நகருக்கு வடக்கேயுள்ள தும்பா என்னும் மீனவர் குடியிருப்புக்கு அழைத்து வந்தது. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவின் சொல்லை ஏற்று, தம் வீடுகளையும் மகதலேனா மரியாள் ஆலயத்தையும் விஞ்ஞானத்துக்கு விட்டுக்கொடுத்தவர்கள் அக்கடற்கரை மக்களே. 1963 நவம்பர் 21 மாலையில் அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட் வானத்தில் சோடியம் ஆவியைத் தூவ, அந்திச் சூரியனின் ஒளியில் செம்மஞ்சள் நிறங்கொண்டு மிதந்த அம்மேகத்தைத் தரையிலிருந்து படமெடுத்து, கண்ணுக்குப் புலனாகாத உயர்காற்றின் திசையையும் வேகத்தையும் அறிஞர்கள் கணித்தனர். பின்னர் 1970-களில் சோவியத் நாட்டு எம்-100 ராக்கெட்டுகள் வாரந்தோறும் மேலே சென்று வானிலைச் செய்தி கொணர்ந்தன. 2002 செப்டம்பரில், இந்நகரத்து விஞ்ஞானிகள் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட், பிற்காலத்தில் கல்பனா எனப் பெயர்பெற்ற வானிலைச் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. புயலின் முழு உருவத்தையும் மேலிருந்தே படம் பிடிக்கும் நம் வல்லமை இவ்வாறு மேலும் பெருகியது.

இத்தனை சித்திகளும் கைவந்த பின்னரே, 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்கருகே தாழ்வு மண்டலமாக உருவெடுத்த ஒக்கி, மறுநாட் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக மூண்டது. அது கேரளக் கரையேறவில்லை; கரையை ஒட்டிக் கடந்து லட்சத்தீவை நோக்கிச் சென்றது. வழக்கம்போல வலையேற்றிக்கொண்டு ஆழ்கடல் சென்றிருந்த பூந்துறை, விழிஞ்ஞம் ஊராருள் பலர்க்கு, எச்சரிக்கை பிறந்தபோது அதைக் கேட்கும் வழியே இல்லை. கேரளக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊர்களும் அவ்வாறே பெருந்துயருற்றன. தும்பாவில் இடம் கொடுத்தவர்களும் பூந்துறையில் உயிர் கொடுத்தவர்களும் ஒரே கடலை நம்பிய மக்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

செயற்கைக்கோள் வழியே படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் பின்னர் வந்தன. மீனவரின் மொழியிலேயே கடல்நிலையைச் சொல்லும் ரேடியோ மான்சூன் போன்ற முயற்சிகளும் இந்நகரில் தோன்றியுள்ளன. அவை போற்றத்தக்கவை, ஆனால் ஒவ்வொரு படகையும் எட்டும்வரை போதுமானவையல்ல. புயலைப் படம் பிடித்தல் அதன் வழியில் நிற்பவனைக் காக்கும் பொருட்டே ஆதலால், எச்சரிக்கைக் கருவியை மீனவனுக்குரிய உரிமையாக அரசு வழங்க வேண்டும்; விஞ்ஞானத்துக்குத் தம் மண்ணையே ஈந்த மக்களுக்கு நாம் பட்ட கடனை அடைக்கும் வழி அதுவே.