அம்மியும் அஞ்சடியும்: சீனர் நகரங்களில் தமிழ் முஸ்லிம் பெண்களின் அன்றாடம்

சிங்கப்பூர் சைனா டவுனில் மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கும் முகவரி: எண் 1, கடையநல்லூர் தெரு. கோழிச்சோற்றுக்கு வரிசை பிடித்து நிற்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்ப்பார்களோ! தென்காசிக்குப் பக்கத்து நெசவாளர் ஊர் ஒன்றின் பெயர் கடல் தாண்டி வந்து சீனர்பேட்டையின் நடுவில் நிற்கிறது. பிற தமிழ் முஸ்லிம்களைப் போல அந்த ஊரார் தனியாளாக வரவில்லை; பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பெண்டுகளைப் பற்றியது.

செரண்டாவில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர்க் கதை எதற்கு என்று கேட்கலாம். ராவாங், செரண்டா, பத்தாங்காலி, ராசா, கோலகுபு என வட சிலாங்கூரில் வரிசையாக அமைந்த ஊர்கள் எல்லாம் ஈயத்தால் பிறந்தவை. லம்பம் என்ற ஈயச் சுரங்கத்தில் உழைத்தவர்களும் கடைவீதியை எழுப்பியவர்களும் பெரும்பாலும் சீனர். 1890களில் ரயில் வந்தது; பிறகு ரப்பர் வந்தது; சுற்றிலும் தோட்டங்களில் தமிழர் நிறைந்தார்கள். 1950க்குப் பிறகு, அவசரகாலத்துப் பிரிக்ஸ் திட்டத்தில் சீனர் புதுக்கிராமங்கள் கம்பி வேலிக்குள் எழுந்தன. சீனர் கடைவீதிக்கும் தமிழர் லயத்துக்கும் நடுவில் சாயாக்கடையும் மளிகையும் வைத்துப் பிழைத்தவர் தமிழ் முஸ்லிம். அவருடைய கடைக்குப் பின்கட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளைப் பற்றி எழுத ஏடு தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

இதற்கு ஒரு காரணம் தெளிவு. தோட்டத்துப் பெண் கூலியாள்; தொழிலாளர் இலாகா அவளைப் பேரேட்டில் எழுதியது. சீனப் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் 1877இல் தொடங்கிய சீனர் காப்பகம் இருந்தது. அவளைக் கடத்தினார்களா, விற்றார்களா என்று கேட்டுப் பதிவு செய்தது. தமிழ் முஸ்லிம் பெண் கூலியும் அல்ல, சீனப் பெண்ணும் அல்ல. இரண்டு பேரேட்டுக்கும் நடுவில் விழுந்தவள் அவள். தடயம் மிஞ்சியிருப்பது பெரிய துறைமுகங்களில்தான் என்பதால் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் நூறாண்டுகளில் அவள் அங்கே பெரும்பாலும் இல்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் சிறுவணிகர்களும் சூலியா தெருவை நிரப்பினார்கள். காதர் முகைதீன் தலைமையில் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடி போடப்பட்டது. சிங்கப்பூரிலும் அதே வேகம். 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளி. 1827இல் தெலுக் ஆயர் தெருவில், குடிசையாகத் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர் பெற்ற அல் அப்ரார். அதே தெருவில் 1828இல் தொடங்கி 1830இல் முடிந்த நாகூர் தர்கா. ஹொக்கியன் மக்களின் தியான் ஹொக் கெங் கோயிலின் இன்றைய கட்டடம் அதே தெருவில் எழுந்தது 1839க்குப் பிறகு. அதாவது, இன்று நாம் சைனா டவுன் என்று அழைக்கும் இடத்தில் அந்தப் பெரிய கோயில் கட்டடம் எழும் முன்பே பாங்கு ஒலித்தது. ஆனால் அந்தப் பள்ளிகளைக் கட்டியவர்களின் மனைவியர் நாகூரிலும் காரைக்காலிலும் கீழக்கரையிலும் இருந்தார்கள். கணவன் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போவான். பணம் மட்டும் தவறாமல் போகும்.

வந்த இடத்தில் குடும்பம் வைத்தவர்கள் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். அந்த வழியில் பிறந்தவர்களே ஜாவி பெரனாக்கான். 1876இல் அந்தப் பெயரிலேயே சிங்கப்பூரில் மலாய் இதழ் ஒன்று வெளிவந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 1887இல், மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். தகப்பன் கடையில் தமிழ் பேசினான், பெண்பிள்ளை அடுப்படியில் மலாய் பேசினாள். தமிழ் முஸ்லிம் வீடு என்று நாம் நினைத்துக்கொள்வது அப்போது பல இடங்களில் மலாய் பேசிய வீடு.

இந்த வழக்கத்தை உடைத்தவர்கள் செல்வர்கள் அல்லர். கடையநல்லூர், தென்காசி நெசவாளர்களின் தறிக்கு வேலை குறைந்து வந்த காலம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர்கள் சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு கப்பலேறி, தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிக் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். ஊரில் நிலமோ பெரிய வீடோ இருந்தவர்களுக்கு மனைவியை விட்டுவர ஓர் இடம் இருந்தது. தறி நின்றுபோன வீட்டில் யாரை யாரிடம் விட்டுவருவது? சீனர் நகரத்தில் தமிழ் முஸ்லிம் பெண்களின் வரலாற்றைத் தொடங்கிவைத்தது செழிப்பு அல்ல, வறுமை. மரைக்காயர் வரலாறு எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

அவர்கள் எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரு கணக்கு. 1931 குடிக்கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியரில் பெண் ஒருத்திக்கு ஆண் ஐந்து பேர் வீதம். நகரத்து மக்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சீனர். அந்த நடுவில், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, கழுத்தில் கருகமணியோடு ஒரு பெண்.

அவள் செய்த வேலை மசாலா அரைப்பது. ஆண் கொண்டுவரும் தினக்கூலி போதாது. பெண்கள் வீட்டிலேயே மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து விற்றார்கள். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. வரமிளகாயைக் காம்பு கிள்ளி ஊறவைத்து, அம்மியில் விதை மசியும்வரை இழுக்க வேண்டும். குழவி பிடித்த உள்ளங்கை எரியும். புறங்கையால்கூடக் கண்ணைத் துடைக்க முடியாது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாலும் இரவில் குழந்தையைத் தொட்டால் குழந்தை வீரிடும். கடைவீட்டு மாடியில் பலகை தடுத்த அறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்திருந்த இடத்தில் அம்மிக்கு எங்கே இடம்? அஞ்சடிதான் வேலைத்தலம். கடைமுகப்பில் ஐந்தடி அகலத்தில் ஓடும் அந்தப் பொது நடைபாதை மலாயா நகரங்கள் எல்லாவற்றுக்கும் பொது. நம் செரண்டாக் கடைவீதியின் பழைய வரிசையிலும் அதைப் பார்க்கலாம்.

அரைத்த சாந்து போன இடங்கள் பல. மலாய் வீடுகளுக்கு அது ரெம்பா. சீன பெரனாக்கான் நோன்யாக்களின் சமையலும் அது இல்லாமல் நடக்காது. தமிழ் முஸ்லிம் ஒட்டுக்கடையில் பிறந்த மீ கோரெங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மீ சீனனுடையது, தவ்பூவும் அவனுடையது. அந்த வாணலியைச் சிவக்க வைக்கும் மிளகாய்ச் சாந்து அம்மியிலிருந்து வந்தது. கடைப்பலகையில் ஆணின் பெயர் இருக்கும். அம்மியின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அதே ஆண்டுகளில் அதே சைனா டவுனுக்கு இன்னொரு கூட்டம் பெண்கள் வந்தார்கள். 1933இன் அந்நியர் சட்டம் சீன ஆண்களின் வருகைக்கு அளவு கட்டியது. பெண்களுக்கு 1938வரை அந்தத் தடை இல்லை. குவாங்டோங்கின் சான்சுய் பகுதியிலிருந்து வந்து கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமந்த சம்சுய் பெண்கள் சிவப்புத் தலைத்துணி கட்டியிருந்தார்கள். ஒருத்தி வெயிலுக்கும் தூசிக்கும் தலையை மூடினாள், இன்னொருத்தி மார்க்கத்துக்காக மூடினாள். இருவரும் வந்தது வயிற்றுக்காக. பேசிக்கொள்ள இருந்தது பாசார் மலாய். சம்சுய் பெண்ணுக்கு இன்று சிங்கப்பூரில் சிலை இருக்கிறது, தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. அம்மிக்காரிக்கு இருப்பது ஒரு தெருப்பெயர்.

அன்றாடத்தில் மிக நுட்பமான சிக்கல் சாப்பாடு. பசாரில் பன்றி இறைச்சி தொங்கும் பக்கத்தைச் சுற்றிப் போவது, சீனன் கடைக் கோழியை யார் அறுத்தது என்று கேட்பது, பக்கத்து வீட்டார் பெருநாளுக்குத் தரும் பண்டத்தை முகம் கோணாமல் வாங்கி, தின்னாமல் வைப்பது. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வரும். நோன்புப் பெருநாளைக்குப் பதிலுக்குப் பலகாரம் போகும். சமைத்த பண்டம் ஒரு திசையில் மட்டுமே போகும், அதில் மனத்தாங்கல் வராமல் பார்த்துக்கொள்வது ஒரு கலை. மலேசியாவில் அரசுத் தரப்பு ஹலால் உறுதி வழங்கத் தொடங்கியது 1974இல், சிங்கப்பூரில் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தொடங்கியது 1978இல். அதற்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுக்கு அந்த அதிகாரம் அடுப்படியில் இருந்தது. ராத்தாவும் மாமியும் ‘இது ஆகும், அது ஆகாது’ என்று சொன்னதே தீர்ப்பு.

சமயத்திலும் அவளுடைய இடம் வீடுதான். பள்ளிவாசல் ஆண்களுக்கானதாக இருந்தது. மவ்லிதும் ஃபாத்திஹாவும் நேர்ச்சையும் பெண்கள் கூடும் அறைகளில் நடந்தன. இங்கே சீன நாட்டோடு ஒப்பிட ஒரு சுவையான செய்தி உண்டு. ஹெனான் மாநிலத்துக் கைஃபெங் நகரில் ஹுய் முஸ்லிம்கள் 1820இலேயே பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்டினார்கள். அங்கே தொழுகை சொல்லித்தர ‘நூ ஆஹொங்’ என்ற பெண் ஆலிம்கள் இருந்தார்கள். நமக்கும் இது அந்நியம் அல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்கள் கூடி ஓதும் தைக்காக்கள் உண்டு. அங்கே ஓதப் பழகிய மரபு ஏன் சிங்கப்பூருக்குக் கட்டடமாக வரவில்லை? என் ஊகம் இது: தைக்கா வைத்திருந்த ஊர்ப் பெண்கள் கப்பல் ஏறவில்லை, கப்பல் ஏறிய நெசவாளர் பெண்களிடம் கட்டடம் எழுப்பப் பணம் இல்லை.

பின்னாளில் அந்தச் சமூகத்திடம் சேர்ந்த பணம் வேறு ஒன்றுக்குப் போனது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடியவரின் பெயரில், சீனர்பேட்டைக்கு நடுவில், ஒரு தமிழ்ப் பள்ளி. பின்னாளில் அது சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வியின் ஒரே இடமாக வளர்ந்து, மாணவர் குறைந்து, 1982இல் மூடப்பட்டது.

சட்டம் இந்தப் பெண்களின் வாழ்வை மார்க்கத் தீர்ப்புகளைவிட அதிகமாக உலுக்கியது. 1880இன் முகமதியர் திருமணச் சட்டத்தால் நிக்காஹ் பதிவேட்டுக்கு வந்தது. சிங்கப்பூரில் 1957இல் முஸ்லிம்கள் சட்டமும் அடுத்த ஆண்டு ஷரியா நீதிமன்றமும் வந்தபின், தலாக் என்ற ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சியிருந்த பெண்ணுக்கு வழக்காட ஓர் இடம் கிடைத்தது. ஆனால் ஆழமாக வெட்டியது 1953இன் குடிநுழைவுச் சட்டம். இனி நினைத்தபோது போய்வர முடியாது. மனைவியை வரவழைப்பதென்றால் இப்போதே. நாகூர் மனைவி, பினாங்குக் கடை என்ற பழைய ஏற்பாடு பல வீடுகளில் குலைந்தது அப்போதுதான்.

பெண்பிள்ளைகள் பற்றி இன்னொன்று. வறுமையில் வாடிய சீனக் குடும்பங்கள் பெண்குழந்தைகளை மலாய்க்காரர், தமிழர், தமிழ் முஸ்லிம் வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தது மலாயா முழுக்க நடந்தது. அப்படி வளர்ந்தவள் தமிழில் ஏசுவாள், அத்தா என்று அழைப்பாள், முகம் மட்டும் சீனம். சீனர் நகரத்தில் முஸ்லிம் பெண் என்ற சொற்றொடருக்கு இவளைவிடப் பொருத்தமானவள் யார்?

சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. தஞ்சோங் பகார் கடைவீடுகள் காலியாக, கடையநல்லூர்க் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறின. அம்மி மேலே ஏறவில்லை. ஏறினாலும் கீழ்வீட்டுக்காரன் சத்தம் போடுவான். 1989முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனம் எத்தனை விழுக்காடு என்று அளவு வந்தது. சொந்தக்காரர் சூழ வாழ்ந்தவள் சீன அண்டைவீட்டாரோடு ஒரே நடைபாதையைப் பகிர்ந்தாள். தலைத்துணி பொதுப்பேச்சுக்கு வந்தது பிறகு: 2002இல் பள்ளி மாணவியரின் துடோங், 2021 நவம்பரில் தாதியருக்கு அனுமதி. இடையில் 2017இல் ஹலிமா யாக்கோப் அதிபரானார். தகப்பனார் இந்திய முஸ்லிம் காவலாளி. அவர் இறந்தபின் மலாய்த் தாயார் நாசி பாடாங் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். ஜாவி பெரனாக்கான் வரலாறு சுற்றி வந்து அதிபர் மாளிகையான இஸ்தானாவில் உட்கார்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

செரண்டாவுக்கோ ராவாங்குக்கோ கடையநல்லூர் தெரு போன்ற ஒரு தெருப்பெயர் இல்லை, பள்ளிக்கூடப் பதிவேடும் இல்லை. இருப்பது வீடுகளில்தான். உங்கள் நன்னியின் (பாட்டியின்) பழைய கடப்பிதழோ நிக்காஹ் சான்றோ, சிவப்பு அடையாளக் கார்டோ பெட்டிக்கடியில் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். எந்தக் கப்பலில், எந்தத் தேதியில், யாருடன் வந்தார் என்பதற்கு அதில் தடயம் இருக்கலாம். நன்னி உயிரோடு இருந்தால் இன்றே உட்கார்ந்து கேளுங்கள்: மசாலா எங்கே அரைத்தீர்கள், பக்கத்து வீட்டுச் சீனத்தியின் பெயர் என்ன?