எப்பினால் ஆஸ்பத்திரியின் ஆங்கிலத் திரை

பிரான்ஸில் இருக்கும் என் அக்காள் மகள் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிறாள். அங்கே அந்த உத்தியோகத்துக்கு ‘மானிபுலாத்தேர்’ என்று பெயர். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கும் மெஷினை இயக்குகிறவர்களும் இதே மானிபுலாத்தேர்கள்தாம். இருபது வருஷ சர்வீசுக்குப் பிறகு, நோயாளிகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் தலைமைப் பயிற்சிக்குப் போகிறாள். “படம் எடுக்கிற உனக்கு எதுக்கும்மா இது?” என்று போனில் கேட்டேன்.

“எப்பினால் விஷயம் தெரியுமா மாமா?” என்றாள். 2007இல் வந்த அரசாங்க விசாரணை அறிக்கையை அனுப்பி வைத்தாள்.

எப்பினால் பிரான்ஸின் கிழக்கே வோஷ் மலைப்பக்கத்து ஊர். வண்ண அச்சுப் படங்களுக்குப் பேர் போனது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அங்குள்ள ஆஸ்பத்திரியில் 2004 மே மாதம் கதிர் சிகிச்சை முறையை மாற்றினார்கள். முன்பெல்லாம் கதிரின் பாதையில், விறகு பிளக்கும் ஆப்பைப் போன்ற ஓர் உலோகத் துண்டை வைப்பார்கள். அது கதிரைக் கொஞ்சம் தடுப்பதால், ஈடுகட்ட அதிகமாகக் கதிர் விட வேண்டும். புது முறையில் உலோகம் கிடையாது. மெஷினின் தாடையே நகர்ந்து அந்த வேலையைச் செய்யும். சிலருக்குக் கணக்கைப் பழைய ஆப்புக்குப் போட்டுவிட்டு, சிகிச்சையைப் புது முறையில் கொடுத்துவிட்டார்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு வந்த 20க்கும் மேற்பட்டவர்களுக்கு அளவுக்கு மீறிக் கதிர் விழுந்தது. குடலும் மூத்திரப்பையும் வெந்து, சிலர் இறந்தே போனார்கள். பாதிக்கப்பட்ட பலருக்கு உடனே விஷயத்தைச் சொல்லக்கூட இல்லை.

காரணம் என்ன? கம்ப்யூட்டர் திரை ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சில் கையேடு கிடையாது. பயிற்சியும் சொற்பம். உடம்பின் மேல் வைத்துக் கதிரை அளக்கும் சிறு கருவியும், தனியாகப் போடும் மறுகணக்கும் புது முறைக்கு ஒத்துவரவில்லை என்று அதே சமயம் நிறுத்தப்பட்டிருந்தன.

இதைப் படித்தபோது என் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது. பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலக் கோப்புகளில் வந்து விழுந்தவன் நான். ஒரு பென்ஷன் பட்டியலில் ‘லாப்ஸ்டு’ என்று இருந்தது. பிரெஞ்சில் ‘லாப்ஸ்’ என்றால் கால அளவு. சரி, காலத்துக்குள் வந்தது என்று நினைத்துக் குறிப்பெழுதி அனுப்பிவிட்டேன். காலாவதியானது என்று அதற்கு அர்த்தமாம்! பக்கத்து மேஜையில் கேட்டிருக்கலாம். வெட்கம். ஒரு விதவை அம்மாள் ஐந்து மாதம் பென்ஷன் இல்லாமல் படியேறி இறங்கினார்.

எப்பினாலில் வேறொரு தவறும் வெளிப்பட்டது. நோயாளி சரியாகப் படுத்திருக்கிறாரா என்று பார்க்க எடுத்த படங்களின் கதிரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது சுமார் 400 பேரைத் தொட்டது. வெறும் படந்தானே என்று விட்டிருப்பார்கள் போலும். என் அக்காள் மகளின் வேலையும் வெறும் படந்தான்.

பிறகு பிரான்ஸில் மறுகணக்கும் உடம்பின் மேல் அளப்பதும் கட்டாயமாயின. தவறோ, நூலிழையில் தப்பியதோ, ஊழியரே எழுதிக்கொடுக்கவும், அதைக் கூடி உட்கார்ந்து ஆராயவும் ஏற்பாடு வந்தது. அந்தக் கூட்டத்தை நடத்தத்தான் இவள் பயிற்சி எடுக்கிறாள்.

“பெரிய டாக்டரை எதிர்த்துப் பேச முடியுமா உன்னால்?” என்றேன்.

“அதைத்தான் மாமா அடுத்த வாரம் சொல்லித்தரப் போறாங்க” என்றாள்.