எண்ணாயிரத்துக் கல்லூரியும் அதன் நெற்கணக்கும்

குருகுலம் என்றதும் பலர் மனத்தில் எழுவது தர்மசாஸ்திரங்கள் வரைந்த சித்திரமே. பிரம்மசாரி குருவின் வீட்டில் தங்கி, வேள்விக்குச் சமித்துப் பொறுக்கி, ஊருக்குள் பிச்சையேற்று, கொண்டுவந்ததைக் குருவிடம் ஒப்படைத்து, அவர் அனுமதித்த பின் உண்டு, வேதம் கற்பான். இந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால் தமிழ்நாட்டில் 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வேதக் கல்வி நடந்த விதத்தைச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் தேடிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது வேறொரு காட்சி. அங்கே காடும் பர்ணசாலையும் இல்லை. கோயில் மண்டபமும், ஊர்ச் சபையும், வேலிக்கணக்கில் நிலமும், நாழிக்கணக்கில் நெல்லும் இருக்கின்றன. மாணவனின் பிச்சைப் பாத்திரத்துக்குப் பதிலாக அறக்கட்டளை வந்துவிட்டது என்பதே இந்தக் காலத்தின் பெரிய மாற்றம். கல்வியின் உள்ளடக்கத்தையும் எண்ணிக்கையையும் ஒழுங்கையும் அந்த மாற்றமே வகுத்தது.

இவ்வகை நிறுவனங்களில் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866இல் நிறுவிய சாலை ஆகும். சாலை என்பது இங்கே உணவும் உறைவிடமும் தந்து கல்வி புகட்டிய இடத்தைக் குறிக்கும். அங்கே கற்றோர் சட்டர் எனப்பட்டனர். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்றுத் திருமால் கோயிலும் சாலையும் எழுப்பிய மன்னன், 95 சட்டர்களுக்கு இடம் ஒதுக்கி, அவற்றை வேதப் பிரிவுகளுக்கேற்பப் பங்கிட்டான்: இருக்கு வேதத்தாருக்கு 45, யஜுர் வேதத்தின் தைத்திரீயப் பிரிவினருக்கு 36, சாம வேதத்தின் தலவகாரப் பிரிவினருக்கு 14. நடைமுறை விதிகள் காந்தளூர்ச் சாலையின் வழக்கத்தை, அதாவது ‘காந்தளூர் மரியாதை’யைப் பின்பற்றியவை. ஒருவரையொருவர் பழித்துப் பேசுவதற்குத் தண்டம், ஆயுதம் கொண்டு சபைக்கு வருவதற்குத் தடை, பணிப்பெண்களைத் தங்குமிடத்தில் வைத்துக்கொள்வதற்குத் தடை என்று விதிகள் நீள்கின்றன. நடவாத ஒன்றைத் தடுக்க எவரும் செப்பேட்டில் விதி எழுதுவதில்லை; ஆகவே அந்த விடுதியில் சண்டையும் வசையும் இருந்தன என்றே கொள்ள வேண்டும். சட்டர்கள் போர்ப் பயிற்சியும் பெற்றார்களா என்ற வாதம் ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஆயுதத்தைச் சபைக்குள் தடுத்த விதி அவர்களிடம் ஆயுதம் இருந்ததைக் காட்டுகிறதே தவிர, அதைப் பயிற்றுவித்தார்கள் என்பதற்கு அது மட்டும் சான்றாகாது.

மிக விரிவான கணக்கு கிடைப்பது விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில். இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயர் கொண்டிருந்த அந்த ஊரில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், 1025ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏற்பட்ட கல்லூரிக்கு 45 வேலி நிலம், ஏறத்தாழ 300 ஏக்கர், ஒதுக்கப்பட்டது. மாணவர் 340 பேர். அவர்களுள் 270 பேர் இளநிலையினர்: இருக்கு 75, யஜுர் 75, சாந்தோக சாமம் 20, தலவகார சாமம் 20, சுக்ல யஜுர் வேதமாகிய வாஜசனேயம் 20, அதர்வம் 10, சடங்கு முறைகளைக் கூறும் போதாயன சூத்திரங்கள் 10, ரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் 40. எஞ்சிய 70 பேர் மேல்நிலையினர். அவர்களில் 25 பேர் வியாகரணமாகிய வடமொழி இலக்கணத்தையும், 35 பேர் வேத வாக்கியங்களுக்குச் சடங்கு நோக்கில் பொருள் காணும் பிரபாகர மீமாம்சையையும், 10 பேர் வேதாந்தத்தையும் பயின்றனர்.

இந்த எண்களே அக்காலத்தின் மதிப்பீடுகளைக் காட்டிவிடுகின்றன. ஆசிரமக் கல்வி என்றால் ஆன்ம விசாரம் என்று பிற்காலத்தார் கருதினாலும், எண்ணாயிரத்தில் வேதாந்தத்துக்கு அமர்ந்தவர் 340இல் பத்தே பேர்; வேள்வியைச் சரியாகச் செய்யவும், மந்திரத்தைப் பிசகாமல் ஓதவும், சொல்லை இலக்கண சுத்தமாகப் பிரித்தறியவும் பயின்றவர்களே மற்றவர் அனைவரும். ஆயினும் ஆசிரியர்களுள் வேதாந்தம் உரைத்தவருக்கே கூடுதல் நெல் அளக்கப்பட்டது. ரூபாவதாரத்தின் இருப்பும் கவனிக்கத்தக்கது. பாணினியின் சூத்திரங்களைப் பொருள்வாரியாக மாற்றி அடுக்கித் தொடக்கநிலையாளருக்கு எளிதாக்கிய அந்த நூலை இயற்றியவர் இலங்கைப் பௌத்தரான தர்மகீர்த்தி என்று கருதப்படுகிறது. சோழப் பேரரசின் வேதக் கல்லூரிக்குப் பௌத்தர் எழுதிய பாடநூல் தீட்டாகப்படவில்லை. தமிழோ பாடப் பட்டியலில் இல்லை. கோயிலில் திருவாய்மொழி ஓதுவோருக்குத் தனியே நிவந்தம், அதாவது மானியம், இருந்தபோதிலும் கல்லூரியில் அதற்கு இருக்கை ஒதுக்கப்படவில்லை.

இனி உணவு. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்ற அளவின்படி, இளநிலை மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும் மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி 2 நாழி நெல்லும் அளக்கப்பட்டன. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் ‘ஐந்திரண்டு வண்ண’ விகிதம் சோழர் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படுவது. அதன்படி குத்தினால் மேல்நிலை மாணவனின் பத்து நாழி நெல் சரியாக நான்கு நாழி அரிசியாகும், இளையவனுக்கு இரண்டரை நாழிக்குச் சற்றுக் குறைவு. ஒருவன் ஒரு நாளில் உண்ணக்கூடியதைவிட இது மிகுதி என்பதால், இந்த நெல்லில் ஒரு பகுதி மற்றத் தேவைகளுக்கு மாற்றாகவும் பயன்பட்டிருக்க வேண்டும். மாணவர்களுக்கு மட்டுமே நாளொன்றுக்கு 24 கலம் 2 குறுணி நெல் செலவாயிற்று. ஆசிரியர் பங்கு இதற்கு மேல். அதிலும் உயர் சாஸ்திரம் கற்பித்தோரின் பங்கு கலக் கணக்கிலும், வேதம் ஓதுவித்தோரின் பங்கு குறுணிக் கணக்கிலும் இருந்தது. மனப்பாடம் செய்விப்பவரைவிடப் பொருள் சொல்பவர் உயர்ந்தவர் என்ற வரிசை அன்றே நெல்லால் நிலைநாட்டப்பட்டிருந்தது.

ஆனால் மனப்பாடம் எளிய வேலையன்று. இன்றும் பாடசாலைகளில் ‘சந்தை’ எனப்படும் முறைப்படி, ஆசிரியர் ஒரு முறை சொன்னதை மாணவர் அதே ஏற்ற இறக்கத்தோடு திரும்பச் சொல்ல வேண்டும். சுவடியைப் பார்த்து ஓதுபவனைத் தாழ்ந்த ஓதுவோர் வரிசையில் வைக்கிறது பாணினீய சிக்ஷை என்னும் ஒலியியல் நூல். பிழை புகாதிருக்க மந்திரத்தையே பலவாறு பின்னி ஓதினர்: சொற்களைத் தனித்தனியே பிரித்தால் பதம், முதலும் இரண்டும், இரண்டும் மூன்றும் என இணைத்துச் சென்றால் கிரமம், இரு சொற்களை முன்னும் பின்னும் முன்னுமாகத் திருப்பினால் ஜடை, மூன்றாவது சொல்லையும் சேர்த்து அவ்வாறே முறுக்கினால் கனம். ஒரு சொல் நழுவினாலும் அடுத்த திருப்பத்தில் அது அகப்பட்டுவிடும். ஆவணி அவிட்டமாகிய உபாகர்மத்தில் தொடங்கும் ஓதல், அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி, சதுர்த்தசி, பிரதமை ஆகிய நாள்களில் நின்றது. அநத்யயனம் எனப்பட்ட அந்த ஓய்வு சாஸ்திரம் விதித்த விடுமுறை.

விடுதி வாழ்வின் சிறு தேவைகளை மிக அருகில் காட்டுவது பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு. 1068ஐச் சேர்ந்த அந்த ஆவணத்தில் மாணவர் படுக்கப் பாயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் கணக்கில் வருகின்றன. வீரசோழன் என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையும், அதற்கொரு மருத்துவரும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அங்கே உண்டு.

இத்தனையும் எவருடைய உழைப்பின் மேல் நின்றன என்பதைக் கல்வெட்டுகள் நேராகச் சொல்வதில்லை. இராசாதிராசன் காலத்தில், 1048இல், திரிபுவனியில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரிக்கு 72 வேலி நிலத்திலிருந்து 12,000 கலம் நெல் வந்தது. கற்போரும் கற்பிப்போரும் ஊர் வாரியப் பணிகளில், அதாவது சபைக் குழுக்களில், அமர வேண்டியதில்லை என்ற விலக்கும் இருந்தது. ஓதுவதற்காக அவர்களை ஊர்ப் பொறுப்பிலிருந்து விடுவித்த அதே ஏற்பாட்டில், அந்த நிலத்தை உழுத குடிகளின் பிள்ளைகளுக்கு இருக்கை எதுவும் இல்லை. வேத சாகைகளின் பெயரால் இருக்கைகள் பிரிக்கப்பட்டதால், நுழைவதற்கான தகுதி பிறப்பிலேயே முடிந்திருந்தது.

நிலமும் சபையும் கோயிலும் தந்த பிடிமானமே இக்கல்லூரிகளின் பலமாகவும் பலவீனமாகவும் ஆயிற்று. சோழர் ஆட்சி 13ஆம் நூற்றாண்டில் வீழ்ந்து, சதுர்வேதிமங்கலச் சபைகளும் தளர்ந்தபின், இத்தகைய பெருங்கல்லூரிகளைத் தாங்க அந்தப் பழைய ஏற்பாடு இல்லாமற்போயிற்று. கல்வி மடங்களுக்கும் சிறு பாடசாலைகளுக்கும் தனி ஆசிரியரின் வீட்டுத் திண்ணைக்கும் இடம் மாறியது. தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரோடு இணைத்துச் சொல்லப்படும் கும்பகோணத்து ராஜா வேத பாடசாலை அந்தப் பிற்கால வரிசையைச் சேர்ந்தது.