லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

"வண்டி பெட்ரோலை ரொம்பக் குடிக்குதண்ணே." திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு நாள்தோறும் வரும் புகார் இது. எங்கள் தொழிலே இந்த ஒரு புகாரைச் சுற்றி வளர்ந்தது என்றுகூடச் சொல்வேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கரிவாயுக் கலனைத் தயாரித்தது. வண்டியோடு பொருத்திய உலையில் கரியை அரைகுறையாக எரித்து, வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்புவார்கள். பெட்ரோலில் ஓடும்போது இருக்கும் இழுவை கிடைக்காது. மேடு வந்தால் திணறும். ஆனாலும் வண்டி ஓடியது. எரிபொருளும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைக் கையாலும் காதாலும் படித்த மெக்கானிக்குகள் அந்தத் தலைமுறையினர்.

1957-இல் அம்பாசடர் வந்தது. பின்னாளில் 1489 சி.சி. எஞ்சினும் எஸ்.யூ. கார்புரேட்டருமாக ஓடிய அந்த வண்டிதான் எங்கள் ஊர் டாக்சிகளுக்கும் மண்டிக்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் வாகனம். லிட்டருக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், சில மாதங்களிலேயே உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அதன்பின் 'மைலேஜ்' எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்லானது.

நான் தொழில் கற்றது பேகம்பூர் பக்கம் ஒரு பாயிடம். மைலேஜ் குறைகிறது என்று வண்டி வந்தால், முதலில் அவர் பானெட்டைத் திறக்க விடமாட்டார். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றச் சொல்வார். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக் ஷூ டிரம்மில் உரசினால் கோளாறு அங்கேயே இருக்கிறது. பிறகு டயர் காற்று. அதன்பின் பெட்ரோல் குழாயில் கசிவு உண்டா என்று மோந்து பார்ப்பார். ஏர் ஃபில்டர், பிளக், பாயிண்ட் கேப் எல்லாம் முடிந்த பிறகே கார்புரேட்டர்.

பிளக்கைக் கழற்றினால் நுனியின் நிறமே பாதி பதில். கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறம்தான் சரி. எஞ்சின் ஓடும்போதே கார்புரேட்டரின் பிஸ்டனை அடியிலிருக்கும் சிறு ஊசியால் மயிரளவு தூக்குவார். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை 'ரிச்', அதாவது பெட்ரோல் கூடுதல். எஞ்சின் அணைந்தால் 'லீன்', பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி மறுபடி தன் நிலைக்கு வந்தால் சரி. ஜெட்டின் கீழிருக்கும் அறுபட்டை நட்டை ஒரு நேரத்தில் ஒரு பட்டை அளவுக்கு மேல் திருப்பமாட்டார்.

கொடைக்கானல் டாக்சிகள் எங்கள் ஊருக்கே உரிய பாடம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறும்போது, நம் சமவெளியில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கீழே சரியாக வைத்த கலவை மேலே 'ரிச்' ஆகிக் கரும்புகை கக்கும். மலையில் திருத்திக்கொண்டு இறங்கினால், வத்தலக்குண்டு வெயிலில் 'லீன்' ஆகி எஞ்சின் சூடேறும். டாக்சி எந்த ரூட்டில் அதிகம் ஓடுகிறது என்று கேட்காமல் பாய் நட்டைத் தொட்டதில்லை.

2000-ஐ ஒட்டி மாருதி 800 உள்ளிட்ட வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சிச் செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. கலவையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கோளாறை ஸ்கேனர் சொல்கிறது. ஆக்சிஜன் சென்சாரும் வெப்ப சென்சாரும் கொடுக்கும் கணக்கை நானும் தினமும் படிக்கிறேன். அது பெரிய வசதி.

ஆனால் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலான ஸ்கேனர்களில் எந்தக் கோளாறுக் குறியீடும் வராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மூர் வெயிலுக்கு எஞ்சின் கொதிக்கும் என்று அம்பாசடர் காலத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் இருந்தது. புது வண்டியிலும் சிலர் அதையே செய்கிறார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவதில்லை. 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சென்சார் மேல் சென்சார் மாற்றினாலும் இது தீராது.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சில சதவீதம் குறைவது இயல்பு. அதற்கும் மேலே குறைந்தால்தான் வண்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரே பெட்ரோல் பங்க்கில் டேங்க்கை நிரப்புங்கள். வழக்கமான பாதையில் ஓட்டி, மறுபடி நிரப்பி, கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். மூன்று நான்கு முறை எழுதிவைத்த அந்தக் கணக்கோடு பட்டறைக்கு வாருங்கள். எந்த மெக்கானிக்காக இருந்தாலும், முதலில் நான்கு சக்கரங்களையும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விலையுள்ள சாமான் மாற்றுவதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.