கணுக்கால் சுளுக்கின் வரலாறு

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நாம் கவலை கொள்கிறோம், கை முறிந்ததென்றால் கலங்கிப் போகிறோம், கால் மடங்கிவிட்டதென்றால் மட்டும், “சுளுக்குத்தானே!” என்று சொல்லித் தைலப் புட்டியைத் தேடுகிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் இதே அலட்சியத்துடன்தான் சுளுக்கை நடத்திவந்தது. ஆனால், மும்பையின் புறநகர் இரயிலிலிருந்து அவசரமாக இறங்கும்போதோ, தில்லியின் மார்கழிப் பனிமூட்டத்தில் நடைபாதையின் விளிம்பு தெரியாமலோ ஒருமுறை மடங்கிய கணுக்கால், ஆறு மாதம் கழித்துச் சமதரையிலேயே மீண்டும் மடங்குவதை நேயர்களில் பலர் கண்டிருக்கக் கூடும். அதன் பின்னர் படிக்கட்டைக் கண்டாலே கை தானாகக் கைப்பிடியைத் தேடும். டப்ளின் நகரத்து ஆய்வாளர்கள் முதன்முறையாகக் கணுக்கால் சுளுக்கி மருத்துவமனைக்கு வந்தவர்களை ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, 2016-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் நால்வருக்கு அந்தக் கால் பழைய உறுதியைப் பெறவில்லை என்பது அவர்கள் கண்டது. ‘தானே’ என்று தள்ளிவிடக் கூடிய கணக்கன்று இது.

சுளுக்கிய காலைக் கட்டி வைப்பதா, அசைய விடுவதா என்பதுதான் இதன் வரலாறு முழுவதிலும் ஓடிவரும் வழக்கு. அந்த வழக்கிற்குள் புகுமுன், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சொல் வழக்கையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுளுக்கில் கிழிவது எது? நம் பெரியவர்கள் ‘நரம்பு பிசகிவிட்டது’ என்பார்கள். இன்றைய பேச்சில் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்கிறார்கள். எலும்பையும் எலும்பையும் பிணைத்து நிற்கும் உறுதியான நாரை நூல்கள் ‘தசைநார்’ என்று குறிக்கின்றன; தசையை எலும்போடு பிணைப்பது வேறு, அது தசைநாண். வடமொழி நூல்களில் ஸ்நாயு என்பது பெரும்பாலும் இத்தகைய பிணைப்பு நாரையே குறித்தது. அதே சொல் மராட்டிக்குள் புகுந்து தசையாகியிருக்கிறது, வங்காளியில் நரம்பாகியிருக்கிறது, இந்தியில் ஸ்நாயு தந்திரம் என்றால் நரம்பு மண்டலம். புனேயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர்கள் மருத்துவரிடம் இந்தச் சொல்லைக் கேட்டால், எதைச் சொல்கிறார் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

எகிப்தில் சுமார் கி.மு. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட பாப்பிரஸ் சுருள் ஒன்று உண்டு. எட்வின் ஸ்மித் என்பவர் 1862-இல் லக்ஸரில் விலைக்கு வாங்கியதால் அவர் பெயரால் வழங்குகிறது. பிரெஸ்டெட் என்னும் அறிஞர் 1930-இல் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டார். கழுத்து எலும்பின் சுளுக்கைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இரண்டு உறுப்புகள் தம் இடத்தை விட்டு விலகாமலே ஒன்றையொன்று பிரிய இழுக்கப்படுவதே சுளுக்கு என்று அந்தச் சுருள் வரையறுக்கிறது. முறிவும் அன்று, மூட்டு நழுவலும் அன்று. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன, கட்டு மட்டும் தளர்ந்துவிட்டது. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இந்த வரையறையில் பெரிதாகத் திருத்த ஒன்றுமில்லை.

நம் நாட்டுச் சுச்ருத சம்ஹிதை இன்னும் ஆழமாகச் செல்கிறது. உடலில் தொள்ளாயிரம் ஸ்நாயுக்கள் உண்டென்று கணக்கிடும் அந்நூல், அவற்றின் தொழிலை ஒரு படகைக் கொண்டு விளக்குகிறது. பலகைகளைக் கயிறுகளால் இறுகக் கட்டியிருக்கும் வரையில்தான் படகு நீரில் ஆட்களைச் சுமக்கும். உடலின் மூட்டுகளும் அத்தகையவையே என்பது அதன் கருத்து. ஒரு படி மேலே சென்று, எலும்போ தசையோ சிரையோ கெடுவதைக் காட்டிலும் ஸ்நாயு கெடுவதே மனிதனுக்குப் பெருந்தீங்கு என்றும் கூறுகிறது. கணுக்கால் மூட்டை அந்நூல் வலி தரும் மர்மங்களுள் ஒன்றாக வைத்து, அங்கே அடிபட்டால் நோவும், பாதம் விறைத்தலும், நொண்டுதலும் வரலாம் என்று எச்சரிக்கிறது. இன்றைய மருத்துவர் தம் குறிப்பேட்டில் எழுதும் அடையாளங்களும் ஏறத்தாழ இவையே.

சிகிச்சைப் பகுதியில் ஆல், அரசு, அத்தி முதலியவற்றின் பட்டைகளும் மூங்கிற் பத்தைகளும் கட்டுக்குரியவையாகச் சொல்லப்படுகின்றன. கட்டுத் தளர்ந்தால் மூட்டு உறுதிப்படாது. மிக இறுகினால் தோல் வீங்கி நோவெடுக்கும். குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை, மிதமான காலத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை, கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டை மாற்ற வேண்டுமாம். கட்டு இருக்க வேண்டும்; ஆனால் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

மேனாட்டில் தசைநார்களுக்கென்றே தனி நூல் எழுந்தது 1742-இல்தான். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த வைட்பிரெக்ட் என்னும் உடற்கூற்று அறிஞர் அதனை இயற்றினார். கணுக்காலைப் பொறுத்தவரை நமக்குத் தேவையான செய்தி சிறிது. வெளிப்புறத்தில் மூன்று நார்கள் உள்ளன. உட்புறத்தில் விசிறிபோல் விரிந்த வலிய நார் ஒன்று உள்ளது. பாதம் உட்பக்கமாக மடங்கும்போது, வெளிக்கணுவிலிருந்து முன்னோக்கித் தாலஸ் என்னும் எலும்புக்குச் செல்லும் முன்நார்தான் பெரும்பாலும் முதலில் அறுபடுகிறது. வேகம் மிகுந்தால் குதிகால் எலும்புக்குச் செல்லும் அடுத்த நாரும் உடன் போகிறது.

ஓய்வா அசைவா என்னும் வழக்கு சூடு பிடித்தது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். சுளுக்கிய காலை வாரக்கணக்கில் அசையாமல் வைக்கச் சொன்னார்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள். கால் விறைத்துப் போனவர்கள் அவர்களை விட்டு எலும்பு கட்டுவோரிடம் சென்றார்கள். அவர்கள் பிடித்து அசைத்துவிட்டு நடக்கச் சொல்ல, பலர் நடந்தும் விட்டார்கள். வட இந்தியாவில் பஹல்வான்களிடமும், நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டுக்கும் வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிய காட்சியன்று. 1867-இல் சர் ஜேம்ஸ் பாஜெட் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், எலும்பு கட்டுவோர் குணப்படுத்தும் நோய்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர்களிடம் உள்ள நல்லதைக் கற்றுக்கொண்டு தீயதைத் தள்ளுங்கள் என்பது அவர் சக மருத்துவர்களுக்குச் சொன்னதன் சாரம். பெரிய பதவியில் இருந்த ஒருவர் இவ்வாறு பேசியது சாதாரணத் துணிவன்று.

அதைச் செய்தே காட்டியவர் வார்ட்டன் ஹூட். இலண்டனில் பெயர்பெற்ற எலும்பு கட்டுவோரான ரிச்சர்ட் ஹட்டன் நோயுற்றபோது, ஹூட்டின் தந்தையான மருத்துவர் கட்டணம் பெறாமல் சிகிச்சை செய்தார். நன்றிக் கடனாக ஹட்டன் தம் தொழில் இரகசியத்தைக் கற்றுத்தர முன்வந்தார். மகன் சென்று கற்றார். 1871-இல் அதனை வெளிப்படையாக எழுதி வெளியிட்டார். தொழிலை மகனுக்கும் மறைக்கும் வைத்தியர்கள் வாழ்ந்த உலகில், அந்நியன் ஒருவனுக்குக் கிடைத்த கல்வி அச்சேறியது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இதே காலத்தில் லிவர்ப்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் எதிர்த்திசையில் நின்றார். வேடிக்கை என்னவென்றால், அவர் எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் தொழில் வழியை விட்டு மருத்துவம் படித்து, ஓய்வு, இடையறாத ஓய்வு, நீண்ட ஓய்வு என்பதையே மந்திரமாகக் கொண்டார். காசநோய் அரித்த மூட்டுகள் நிறைந்திருந்த அந்நாளில் அவர் கொள்கை பலரைக் காப்பாற்றியது என்பதையும் மறுப்பதற்கில்லை. பிரான்சிலோ லூகா சாம்பியோனியேர், முறிந்த எலும்புக்குக்கூட உருவுதலும் அசைவும் வேண்டும் என்று வாதாடி 1895-இல் நூலே எழுதினார்.

அந்த 1895-ஆம் ஆண்டின் நவம்பரில்தான் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். எலும்பு முறிவுக்கு அது கண் கொடுத்தது; சுளுக்கிற்கோ ஒரு வகையில் கண்ணைக் கட்டியது என்பது நம் எண்ணம். படத்தில் எலும்பு தெரியும், நார் தெரியாது. எனவே படம் நன்றாக இருந்தால், “ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு” என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றியது. மற்றொரு புறம், கணுக்கால் வீங்கிய எல்லாருக்கும் தேவையின்றிப் படம் எடுக்கப்பட்டது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீயலும் அவர் துணைவர்களும் 750 நோயாளிகளைப் பரிசோதித்து, 1992-இல் எளிய விதிகளை வகுத்தார்கள். உட்கணு, வெளிக்கணு எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டரிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்டவுடனும், மருத்துவரிடம் வந்த பின்பும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இவற்றுள் ஒன்றிருந்தால் படம் எடுக்க வேண்டும். நடுப்பாதத்தில் வலி இருந்தால், சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியையும் உட்புறத்துப் படகெலும்பையும் அவ்வாறே அழுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் முறிவு இருப்பது மிக அரிது.

நார் அறுந்ததா என்பதை எப்படி அறிவது? ஆம்ஸ்டர்டாமில் வான் டைக் 1996-இல் காட்டிய வழி, காத்திருப்பது. அடிபட்ட அன்று வீக்கமும் வலியும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். நான்கைந்து நாள் கழித்து, குதிகாலைப் பற்றிப் பாதத்தை முன்னே இழுத்துப் பார்த்தும், இரத்தம் கட்டிய நீலத்தைப் பார்த்தும், வெளிக்கணுவின் முன்புறம் தொட்டும், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கிழிவுகளைக் கைகளாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் முடிவு. “ஐந்து நாள் கழித்து மறுபடி வாருங்கள்” என்று சொல்லும் மருத்துவர் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

இனி, அடிக்கடி மடங்கும் காலின் கதை. 1934-இல் இலண்டன் எல்ம்ஸ்லி, தொடையின் உறைத்தசையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, அறுந்த நாருக்குப் பதிலாக எலும்பில் துளையிட்டுக் கோத்தார். 1940-இல் வாட்சன் ஜோன்ஸும், 1953-இல் ஈவன்ஸும், வெளிக்கணுவின் பின்னே ஓடும் தசைநாணையே திருப்பிக் கட்டும் முறைகளை விளக்கினார்கள். கால் மடங்குவது நின்றது. ஆனால் பாதம் உட்பக்கம் மடங்காமல் இழுத்துப் பிடிக்கும் காவல்காரனே அந்தத் தசைதான். காவல்காரனைக் கயிறாக்கிக் கதவைக் கட்டியது போன்ற வேலை அது. குதிகாலின் இயல்பான அசைவும் அதனால் குன்றியது.

ஸ்டாக்ஹோமில் லென்னார்ட் புரோஸ்ட்ரோம் வேறு கேள்வி கேட்டார்: அறுந்த நார் எங்கே போயிற்று? நூற்றுக்கும் மேற்பட்ட சுளுக்கிய கணுக்கால்களைத் திறந்து பார்த்து, 1964 முதல் 1966 வரை ஆறு கட்டுரைகளாக எழுதினார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் கிழிவுகளில் முன்நார் மட்டுமே அறுந்திருந்தது. அதனினும் பெரிய செய்தி, அடிபட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் பழைய நாரின் முனைகள் அங்கேயே இருந்தன. அவற்றையே இழுத்துத் தைக்க முடிந்தது. வேறிடத்திலிருந்து எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை. 1980-இல் அமெரிக்கரான கூல்ட், அருகிலுள்ள உறையை மேலே மடித்துத் தைத்து அதனை வலுப்படுத்தினார். சிறு துளை வழியே செய்யும் இன்றைய முறைகளுக்கும் இதுவே அடிப்படை.

ஆயினும் எல்லாக் காலும் நார் தளர்ந்ததால் மடங்குவதில்லை. இதனைச் சொன்னவர் இலண்டனின் ஃபிரீமன், ஆண்டு 1965. சுளுக்கு ஆறியவர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நல்ல காலில் அசையாமல் நின்றவர்கள் அடிபட்ட காலில் தள்ளாடினார்கள். பலருக்கு மூட்டில் தளர்ச்சியே காணப்படவில்லை. நார் வெறும் கயிறன்று, பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று தெரிவிக்கும் உணர்வு இழைகளும் அதில் உண்டு, அவையும் அறுந்துவிடுகின்றன என்று அவர் விளக்கினார். ஆடும் பலகைமேல் நின்று பழகியவர்களுக்குத் தள்ளாட்டமும் மடங்குதலும் குறைந்தன. தண்டுவடமும் மூளையும் தசைகளை நடத்தும் முறையே மாறிப்போகிறது என்று பின்வந்தோர் அவர் விளக்கத்தை விரித்திருக்கிறார்கள். பலகைப் பயிற்சியோ இன்றும் நிலைத்து நிற்கிறது. நம் பெரியவர்கள் ‘நரம்பு’ என்று சொன்னது முற்றிலும் பிழையன்று போலும்!

1978-இல் அமெரிக்க மருத்துவர் மிர்க்கின் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரே சொல்லாக்கிப் பரப்பினார். 2014-இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைவதைத் தாமதிக்கச் செய்யலாம் என்று எழுதித் தம் சொல்லைத் திருத்திக்கொண்டார். இதற்கிடையில் கன்னஸ், ரென்ஸ்ட்ரோம் இருவரும் அதுவரை நடந்த ஒப்பாய்வுகளை 1991-இல் சீர்தூக்கி, புதிய கிழிவுக்கு உடனடி அறுவையோ நீண்ட மாவுக்கட்டோ வேண்டாம், காப்புக் கட்டுடன் விரைவில் அசைவதே நலம் என்று முடிவு கூறினார்கள். வழக்கு அசைவின் பக்கமே தீர்ந்தது என்று எல்லாரும் எண்ணியிருந்த வேளையில், 2009-இல் இங்கிலாந்தில் 584 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, காலை ஊன்றவே முடியாத கடுஞ்சுளுக்கில் பத்து நாள் மாவுக்கட்டு போட்டவர்கள், குழாய்த்துணிக் கட்டு மட்டும் அணிந்தவர்களைவிட மூன்று மாதத்தில் நன்றாக நடந்தார்கள் என்று காட்டியது. ஒன்பதாம் மாதத்தில் இரு சாராரும் சமமாகிவிட்டார்கள். பத்து நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். தாமஸின் நீண்ட ஓய்வு அன்று அது.

இன்று பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் முறை இதுதான்: முதல் சில நாள் கட்டும் காப்பும், வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடத்தல், பிறகு, வீக்கம் வற்றிவிட்டது என்று நிறுத்திவிடாமல், சில வாரங்கள் சமநிலைப் பயிற்சி. அதன் பின்னரும் மாதக்கணக்கில் கால் மடங்கிக்கொண்டே இருந்தால்தான் அறுவையைப் பற்றிய பேச்சு. பயிற்சிக்குப் பலகை கிடைக்காவிட்டால், சுவருக்கு அருகில் அடிபட்ட காலை மட்டும் ஊன்றி, முதலில் கண் திறந்தும், பழகிய பின் கண் மூடியும், விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கையைச் சுவரோரம் வைத்துக்கொண்டு நிற்கலாம்.