ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் தொடங்கிய மாணவர் பரிமாற்றம்

வெளிநாட்டுப் பள்ளி மாணவர் ஒருவரை ஒரு வருஷம் தங்கள் வீட்டில் தங்கவைத்து, சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற வழக்கம் அமெரிக்காவில் ரொம்ப நாளாக இருக்கிறது. யாரோ கல்வியாளர்கள் ஆரம்பித்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள்!

1915. முதல் உலகப் போரில் அமெரிக்கா இன்னும் இறங்காத நேரம். ஹார்வர்டில் பொருளாதாரம் கற்பித்த ஏ. பியாட் ஆண்ட்ரூ பிரான்சுக்குப் போய், காயம்பட்ட சிப்பாய்களைப் போர்முனையிலிருந்து மீட்டுவர ஒரு தொண்டர் படையை உருவாக்கினார். அதுதான் அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ், சுருக்கமாக ஏஎஃப்எஸ். போர் முடிவதற்குள் சுமார் 2,500 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள்.

போருக்குப் பிறகு இவர்கள் சும்மா கலைந்துவிடவில்லை. பட்டம் முடித்த அமெரிக்க இளைஞர்கள் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் படிக்க உதவித்தொகை கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனா இருபது வருஷத்தில் இன்னொரு போர் வந்துவிட்டது. ஆண்ட்ரூவின் சகாவான ஸ்டீஃபன் கலாட்டி மறுபடி ஆம்புலன்ஸ்களைத் திரட்டினார். வட ஆப்பிரிக்கா, இத்தாலி, இந்திய-பர்மா எல்லை என்று போனார்கள். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதும், அங்கே உயிரோடிருந்தவர்களைத் தூக்கி வந்தவர்களில் ஏஎஃப்எஸ் ஓட்டுநர்களும் உண்டு.

அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் 1946-ல் நியூயார்க்கில் கூடினார்கள். பள்ளி மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் திட்டம் அங்கேதான் முடிவானது. 1947-ல் முதல் 52 மாணவர்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ரெண்டு மாற்றங்களைக் கவனிக்கணும். வயசு குறைந்தது, தங்குமிடம் வீடாக மாறியது. ஏன்? என் ஊகம் இது: பல்கலைக்கழகம் போகிறவன் படிப்புக்காகப் போகிறான், ஹாஸ்டலில் தங்குகிறான், பட்டத்தோடு திரும்புகிறான். அந்த ஊர்க்காரர்களை நெருங்காமலேயே காலத்தை ஓட்டிவிடலாம். பதினாறு வயசுப் பிள்ளையை ஒரு குடும்பத்தில் விட்டால் அப்படி ஒதுங்க முடியாது. பாத்திரம் கழுவணும், ராத்திரி எத்தனை மணிக்குள் வீடு திரும்பணும் என்பதில் சண்டை வரும், காய்ச்சல் வந்தால் அந்த வீட்டு அம்மாதான் பக்கத்தில் உட்காரணும். வந்த பிள்ளை மட்டுமில்லை, சோறு போட்ட குடும்பமும் மாறும்.

இதற்குப் பெரிய சோதனை 1951-ல் வந்தது. போர் முடிந்து ஆறே வருஷம். மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரின் தேவாலயங்கள் கூட்டமைப்பை நடத்திவந்த ரேச்சல் ஆண்ட்ரசன், 75 ஜெர்மன் பதின்வயதினரை அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைக்க ஏற்பாடு செய்தார். ஜெர்மனியோடு நடந்த போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது. எதிரி நாட்டுப் பிள்ளைக்கு வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுப்பது லேசான விஷயமா? கொடுத்தார்கள். 'யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்' என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

அமெரிக்காவில் இப்படி மாணவர்களைத் தங்கவைக்கும் குடும்பங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஏஜென்சி, விசா, விதிமுறை எல்லாம் இருந்தாலும், கடைசியில் எல்லாம் நிற்பது முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறப்பதில்தான்.

அந்தக் கதவு தவறாகத் திறந்த கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடிப்பது நியாயமில்லை.

1992 அக்டோபர். ஜப்பானின் நகோயாவிலிருந்து ஏஎஃப்எஸ் மூலம் வந்த யோஷிஹிரோ ஹத்தோரி என்ற 16 வயதுப் பையன், லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு குடும்பத்தோடு இருந்தான். ஹாலோவீன் விருந்துக்காக அந்த வீட்டுப் பையனோடு கிளம்பியவன், வீடு மாறி வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து 'அசையாதே' என்று கத்தினார். விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பையன் முன்னால் நடந்தான். சுடப்பட்டு இறந்தான். மறுவருஷம் ஜூரி சுட்டவரை விடுதலை செய்தது.

பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி வேண்டாம் என்று ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துத் திரட்டி, 1993 நவம்பரில் அதிபர் கிளிண்டனை நேரில் சந்தித்தார்கள். பேட்டன் ரூஜில் மகனை வளர்த்த அமெரிக்கக் குடும்பமும் அதே கோரிக்கையோடு அவர்களுக்குத் துணை நின்றது. அதோடு நிற்கவில்லை. மகன் பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். எதற்கு? அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து, ஜப்பானியக் குடும்பங்களில் தங்கிப் படிப்பதற்கு.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பரிமாற்றத் திட்டங்களால் போர் நிற்குமா என்று யாராவது கேட்டால், நிற்காது என்றுதான் சொல்லத் தோன்றும். 1915-லிருந்து இன்றுவரை உலகம் அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு நாட்டை மொத்தமாக வெறுக்க எல்லாக் காரணமும் இருந்த ரெண்டு பேர் அப்படி வெறுக்கவில்லை. அந்த நாட்டில் தங்கள் பையனுக்காக அழுத ஒரு குடும்பத்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.